மாமாவுக்கு, அந்தப் பழைய பக்கெட் லாரி பற்றி

ஏஜாக்ஸ், ஒன்டாரியோ
9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அங்கே நீங்கள், அத்தை, அம்மா எல்லோரும் நலமா? போன வாரம் நீங்கள் போனில் கேட்டதற்கு நான் மூன்று தடவை பதில் சொன்னேன். உங்கள் காதில் விழவில்லை, நான் கத்தியதில் பாப்பாதான் எழுந்துகொண்டாள். அதனால் எழுதியே விடுகிறேன்.

"ஏங்கண்ணு, இருபத்தி நாலு வருசத்து ஓட்டை லாரிக்கு இருபத்தி மூவாயிரம் டாலரா?" என்று கேட்டீர்கள். ஆமாம் மாமா. வாங்கிய பிறகு மேலும் பதினோராயிரம் போட்டிருக்கிறேன். அரைகுறையாக வேறு யார் மூலமாவது தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. மாடிக்குத் தளம் போட தையில் அனுப்புகிறேன் என்று சொன்ன பணம் தையில் வராது. சித்திரையில் அனுப்பிவிடுகிறேன். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

மரம் வெட்டுகிற எனக்கு, ஆளைத் தொட்டியில் நிற்க வைத்து மேலே தூக்குகிற இந்த லாரி எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டும். இங்கே ஆஷ் என்று ஒரு மரம். தெருவோரம், வீட்டு முன்னால், பூங்காவில் என்று ஒரு காலத்தில் வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டது. கனடாவில் முதன்முதலில் 2002இல் வின்ட்சர் பக்கம் கண்டுபிடித்தார்கள், 2007இல் டொரொன்டோவுக்கு வந்துவிட்டது. நம் தென்னையில் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையும் இல்லையா, அது கண்ணுக்குத் தெரியும். இது அரை அங்குல நீளம்தான். இதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, மரத்தின் நீரோட்டத்தையே அறுத்துவிடும். வளர்ந்த வண்டு வெளியே வந்த இடத்தில் பட்டையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஒரு பக்கம் தட்டையாக, அரைவட்டமாக, பென்சில் முனை அளவுக்கு. அந்த ஓட்டையைப் பார்த்தால் மரத்தின் கதை பெரும்பாலும் முடிந்தது என்று அர்த்தம்.

செத்த ஆஷ் சீக்கிரமே மொறுமொறுவென்று ஆகிவிடும். மற்ற மரமாக இருந்தால் கயிறு கட்டி ஏறி, மேல் கிளையில் எடையைப் போட்டுத் தொங்கிக்கொண்டு அறுக்கலாம். இதில் அந்தக் கிளையே முறுக்கு மாதிரி ஒடியும். போன வருடம் பிக்கரிங்கில் ஒரு வீட்டில் நான் காலால் லேசாக அழுத்திப் பார்த்த கிளை அப்படியே கழன்று கீழே இருந்த வேலியில் விழுந்தது. அதன்பிறகு செத்த ஆஷில் நான் ஏறுவதில்லை. வேலை வந்தால் ஆளோடு பக்கெட் லாரி வாடகைக்கு எடுப்பேன். ஒரு நாளுக்குத் தொள்ளாயிரம் டாலர். வாடகைக்காரருக்குக் கொடுத்தது போக எனக்கு மிஞ்சுவது, கிளைகளைத் தூளாக்குகிற சிப்பருக்கு டீசல் போடத்தான் காணும்.

லாரி வாங்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது உங்கள் மகள்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் ராத்திரி டியூட்டி பார்ப்பவளுக்கு, ஏணியிலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்து வருகிறவர்களை எல்லாம் தெரியும். "வீட்டுத் தளம் மூணு மாசம் காத்திருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

இத்தனை பழைய வண்டிக்கு நான் கேட்ட எந்த பேங்கும் கடன் தரவில்லை. ஸ்கார்பரோவில் நம் ஆட்கள், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், சேர்ந்து பிடிக்கிற சீட்டில் நானும் இருக்கிறேன். அதை எடுத்து, கையிருப்பையும் போட்டு வாங்கினேன்.

முதலில் பார்த்த வண்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பளபளவென்று வெள்ளை பெயின்ட், புது டயர், உள்ளே சீட் கவர்கூடப் புதுசு. விற்கிறவர் பக்கெட்டைத் தாங்குகிற நீண்ட கையை, அதாவது பூமை, தூக்கிக் காட்டினார், சுற்றிக் காட்டினார். கூட வந்த பையன் அப்போதே முன்பணம் கொடுக்கலாம் என்றான். நீங்கள் எனக்குப் பதினேழு வயதில் போர்வெல் ரிக் வண்டிக்கு அடியில் படுக்க வைத்து கிரீஸ் அடிக்கச் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அட்டையை விரித்துப் படுத்து உள்ளே போனேன். இங்கே பனி உருக ரோடெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள் மாமா, மூட்டை மூட்டையாக. அது சேஸிஸில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அந்த வண்டிக்கு சேஸிஸ் இரட்டைத் தகடு. இரண்டு தகட்டுக்கும் நடுவில் துரு ஊதி, தகடு அப்பளம் போல உப்பியிருந்தது. அதன்மேல் கறுப்பு பெயின்ட். ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கொஞ்சம் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவரும் வற்புறுத்தவில்லை.

இப்போது வாங்கியிருப்பது 2001 மாடல் இன்டர்நேஷனல் 4700. இன்ஜின் டிடி466இ, கியர் அலிசன் ஆட்டோமேட்டிக். அந்த வருடத்து வண்டியைத்தான் தேடினேன். 2007க்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைவடிகட்டி, 2010க்குப் பிறகு அதோடு யூரியாத் தண்ணீரும் சேர்ந்துவிட்டது. நாள் முழுக்க நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடுகிற வண்டியில் அந்த வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொண்டு உயிரை எடுக்கும். இந்த இன்ஜினில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. சிலிண்டர் உள்ளுறையான லைனர் தேய்ந்தாலும் இன்ஜினை இறக்காமலே மாற்றிக்கொள்ளலாம். கிலோமீட்டர் மீட்டரில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம்தான். ஆனால் இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டுகிற மணி மீட்டரில் பதினோராயிரத்துச் சொச்சம். ரிக் வண்டிக்குக் கிலோமீட்டர் பார்க்கிறவன் முட்டாள் என்று நீங்கள் திட்டுவீர்களே, அதே கணக்குதான் இங்கேயும்.

பார்க்க அசிங்கமாக இருக்கும். பழைய உரிமையாளரின் ஆரஞ்சு நிறம் வெளிறிப்போய், ஒரு பக்கக் கதவு வேறு வண்டியினுடையது. பக்கெட்டில் நிற்பவர் கைக்கு ஐம்பத்தைந்து அடி எட்டும். பின்னால் மரத்தூள் கொட்டப் பெரிய பெட்டி, அதுவும் ஹைட்ராலிக்கில் தூக்கிக் கொட்டும்.

இதைப் பார்க்க ஒரு முழு சனிக்கிழமை எடுத்துக்கொண்டேன். பூமை உயர்த்தி நீட்டி, பக்கெட் அடியிலிருந்து தரை வரை டேப்பால் அளந்தேன். இன்ஜினை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் காபி குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தேன். நான்கு அங்குலம் இறங்கியிருந்தது. ஆளைத் தூக்குகிற வண்டியில் அது தப்பு. கீழ் சிலிண்டரில் எண்ணெயைப் பிடித்து வைக்கிற ஹோல்டிங் வால்வில் சீல் போயிருக்கிறது என்று விலையில் இரண்டாயிரம் குறைத்தேன். பிறகு சுழலும் தட்டின் போல்ட்டுகள். ஒவ்வொரு போல்ட்டின் தலைக்குக் கீழும் டார்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட் தளர்ந்திருந்தால் அங்கிருந்து துரு கண்ணீர் மாதிரி வழிந்து கோடு போட்டிருக்கும். ஒன்றுகூட இல்லை. பீடத்தின் வெல்டிங்கைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மேல் பூம் ஃபைபர் கிளாஸ். அதைக் காசால் தட்டிக்கொண்டே போனேன், தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல. ஓரிடத்தில் சத்தம் மாறினாலும் விட்டுவிட்டு வந்திருப்பேன். கடைசியாக, இன்ஜின் நின்றுபோனால் பக்கெட்டை இறக்க பேட்டரியில் ஓடுகிற எமர்ஜென்சி பம்ப். அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஏன் இதைச் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

இதையெல்லாம்விட என்னைச் சம்மதிக்க வைத்தது ஒரு பழைய ஃபைல். ஒவ்வொரு வருடமும் பூமைச் சோதித்த சான்றிதழ், எந்த ஹோஸ் எப்போது மாற்றினார்கள் என்று பேனாவில் எழுதிய சீட்டு, எண்ணெய் கறையோடு. பெயின்ட் அடிக்காதவர் இதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார்.

வாங்கிய பிறகு ஆன செலவைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், உங்களுக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன். வால்வு சீல், ஆறு ஹோஸ், முன் பிரேக், பின்னால் நான்கு டயர், மின்சாரம் பாய்கிறதா என்று பூமைச் சோதிக்கிற டெஸ்ட், வருட ஃபிட்னஸ். பெரிய செலவு இன்சூரன்ஸ். மரம் வெட்டுகிற வேலை, பழைய லாரி, புது கம்பெனி என்று மூன்றையும் கேட்டவுடன் இரண்டு பேர் போனையே வைத்துவிட்டார்கள்.

லைசென்ஸில் ஒரு வேடிக்கை. சுமையோடு சேர்த்து இந்த வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 25,999 பவுண்டு. பக்கத்து அமெரிக்காவில் கமர்ஷியல் லைசென்ஸ் 26,000 பவுண்டுக்கு மேலேதான், அதற்காகவே ஒரு பவுண்டு குறைத்து வைக்கிறார்கள். இங்கே 11,000 கிலோ தாண்டினாலே டி லைசென்ஸ். அந்த ஒரு பவுண்டு புத்திசாலித்தனம் எல்லையைத் தாண்டியதும் செல்லாது. நல்ல வேளை, ஏர் பிரேக்கோடு சேர்த்து நான் போன வருடமே எடுத்துவிட்டேன்.

நீங்கள் போனில் சொன்னது போல பூம் மூட்டின் அச்சுப் பின்னையும் புஷ்ஷையும் லேத்தில் கடைந்து போட முடியாது மாமா. திருச்செங்கோட்டில் அரை நாளில் கன்மெட்டலில் கடைந்து கொடுத்துவிடுவார்கள், அதுவும் இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் பூம் பாகத்தில் தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளாத உருப்படியைப் போட்டால் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடமாட்டார். நாற்பது டாலர் பெறாத புஷ்ஷுக்கு இருநூறு கொடுத்து மூன்று வாரம் காத்திருந்தேன். எரிச்சல்தான், இருந்தாலும் மேலே நிற்பது நான்தானே.

இனி எழுதுவதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். போன மாதக் கடைசியில், ஓஷாவாவில் ஒரு பெரியவர் வீட்டுப் பின்னால் செத்த ஆஷ். மூன்றாவது கிளையை அறுத்துக்கொண்டிருக்கிறேன், நாற்பது அடி உயரத்தில். கீழே இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. அப்புறம் ஒரே அமைதி. ஏரிக்காற்று மட்டும். கீழே நிற்கிற பஞ்சாபிப் பையன் அண்ணாந்து பார்க்கிறான், நான் குனிந்து பார்க்கிறேன். எமர்ஜென்சி பம்ப் ஸ்விட்சைத் தட்டினேன். பம்ப் முனகிக்கொண்டு ஓடியது. அதைத் தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் கருகிவிடும், அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி நிறுத்தித்தான் இறங்க வேண்டும். வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் அந்தப் பெரியவர் தோட்டத்துக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து, நான் இறங்குவதைத் தேர் நிலைக்கு வருவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் என்ன தெரியுமா? டீசல் இல்லை. டீசல் முள் பாதி டேங்க் என்று காட்டிக்கொண்டே இருந்தது, முதல் நாளிலிருந்தே. போல்ட் போல்ட்டாகப் பார்த்தவன் முள்ளைப் பார்க்கவில்லை. டீசல் வாங்கி ஊற்றி, கையால் பிரைம் பண்ணிக் காற்றெடுத்து, மறுபடி இன்ஜின் பிடிக்க ஒரு மணி நேரம். இப்போது தினமும் காலையில் குச்சி விட்டு அளக்கிறேன். சிரிக்காதீர்கள்.

நீங்கள் சொன்னபடி பூஜையும் போட்டாயிற்று. அர்த்தநாரீஸ்வரர் படம் கண்ணாடிக்கு மேல். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் தேடினால் அது ஹாலோவீன் வாரம், ஊரெல்லாம் ஆரஞ்சுப் பூசணிதான். அதையே குங்குமம் தடவி வாசலில் உடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கைதட்டி, அவர் குழந்தைகளையும் கூப்பிட்டுக் காட்டினார். விளக்கம் சொல்லவில்லை, விட்டுவிட்டேன்.

வேலை வருகிறது. இந்த மாதம் ஏழு மரம். வாடகை லாரி இல்லாததால் அதில் நாலு வேலையில் முதல் தடவையாகக் கையில் ஏதோ நின்றது. டொரொன்டோ நகரத்துக்குள் வேலை எடுத்தால் தலைவலிதான். மார்பு உயரத்தில் அடிமரம் 30 சென்டிமீட்டர் குறுக்களவு இருந்துவிட்டால் சொந்த வீட்டு மரத்தை வெட்டவும் நகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். செத்த மரத்துக்குப் பெர்மிட் வேண்டாம், ஆனாலும் படத்தோடு தெரிவிக்க வேண்டும். அதனால் நான் இந்தப் பக்கத்து ஊர்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். காலையில் குளிர் ஏறினால் ஹைட்ராலிக் எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடுகிறது. மெல்லிய எண்ணெய்க்கு மாற்றியிருக்கிறேன், இருந்தும் மேல் பூம் மடங்கும்போது விட்டு விட்டு உதறுகிறது. சிலிண்டருக்குள் காற்றா, பம்ப் உறிஞ்சும் பக்கம் ஹோஸ் உள்ளே சுருங்குகிறதா? நீங்கள் சத்தீஸ்கரில் குளிர்காலத்தில் ரிக் ஓட்டியபோது இப்படி ஏதாவது பார்த்திருக்கிறீர்களா? வீடியோ அனுப்பியிருக்கிறேன். தம்பியை விட்டுச் சத்தமாக வைத்துக் கேளுங்கள், பம்ப் ஊளையிடுவது தெரியும்.

நாளைக்கு விட்பியில் ஒரு மேப்பிள். காலை ஆறு மணிக்கே இன்ஜினைப் போட்டு எண்ணெயைச் சூடாக்க வேண்டும், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன். அத்தைக்கு என் வணக்கம். அம்மாவை முட்டிக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை