வீட்டுப் பழுதுவேலை ஒப்பந்தக்காரர்களுக்குப் பதிவு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டின் மாடிக் குளியலறையைச் சென்ற ஆண்டு புதுப்பித்தோம். தெரிந்தவர் சொன்னதை நம்பி அமர்த்திய ஒப்பந்தக்காரர், பழைய டைல்ஸைப் பெயர்த்து, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சை அடித்த மறுநாளே புது டைல்ஸைப் பதித்துவிட்டார். வடிகால் வாயை அடைத்து, தரையில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் தேக்கி, குறைந்தது ஒரு நாள் முழுவதும் கீழ்த்தளத்தில் ஈரம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ் பதிக்க வேண்டும் என்பது, பின்னால் வந்த கொத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றாம் மாதமே, சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே பூச்சு உப்பி உதிர்ந்தது. தொலைபேசியில் அழைத்தபோது, புதன்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னார். எந்தப் புதன்கிழமை என்று நான் கேட்கத் தவறிவிட்டேன்.

என் பங்குக்கும் தவறு உண்டு. பேசிய தொகையில் முக்கால் பங்கை முன்பணமாகவே, அதுவும் ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை அணுகலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் ஒப்பந்தமும் ரசீதும் இல்லாமல், கைப்பேசி எண்ணைத் தவிர முகவரிகூடத் தெரியாத ஒருவர்மீது எதைக் காட்டிப் புகார் கொடுப்பது? 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமோ, விற்பனைத் தொடர்பில்லாத பழுதுபார்ப்புப் பணிகளுக்குப் பதிவு தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டது.

இதற்கிடையே, அந்த வேலையில் மணலும் சிமெண்டும் சுமந்த இரண்டு சித்தாள் பெண்கள், நான்கு நாள் கூலி வரவில்லை என்று எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவரிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டை இருந்தது. 1994-இல் அமைக்கப்பட்ட அவ்வாரியத்தில் சுமை தூக்குபவருக்குப் பதிவு எண் இருக்கிறது. மின்பணி ஒப்பந்தம் எடுப்பவருக்கும் அரசின் உரிமம் தேவைப்படுகிறது. லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு வீட்டின் சுவரையும் தளத்தையும் உடைப்பவருக்கு மட்டும் எந்த அடையாளமும் வேண்டியதில்லை என்பது என்ன முறை?

மாநகராட்சிகள் இத்தகைய ஒப்பந்தக்காரர்களின் முகவரி, முடித்த பணிகள், வந்த புகார்கள் ஆகியவற்றுடன் வார்டு வாரியாக ஒரு பதிவேட்டைத் தொடங்க வேண்டும். பொருள்களின் தரம், பணி முடியும் தேதி, ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைக்கும் தொகை ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தையும் தமிழில் வெளியிடலாம். நேர்மையாக வேலை செய்யும் மேஸ்திரிகள் இதை எதிர்க்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். என் கூரையை இப்போது சரிசெய்து தந்தவர், நான் கேட்காமலேயே கணக்கை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.