தினேஷுக்கு நீயும் சொல்லி அனுப்பு

தண்டையார்பேட்டை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தினேஷுக்கு ஏர்போர்ட்டில் ராம்ப் வேலை, அதாவது விமானம் வந்து நிற்கும் இடத்தில் வேலை, கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அவனுக்கு ரூம் ஒன்றும் தேடாதே. எங்கள் மாடி காலியாகத்தான் இருக்கிறது. இங்கே மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் ஏர்போர்ட்டிலேயே இறங்கலாம். அம்மாவுக்கு மூட்டுவலி விட்டபாடில்லை. ஆனாலும் காசிமேட்டு மீனை அவர்கள் கையால் பார்த்து வாங்கினால்தான் திருப்தி.

வேலை ஆபத்தானதா என்று கேட்டிருந்தாய். இத்தனை வருஷம் ராம்ப்பில் நின்றவன் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். விமானம் பறக்கும்போது வரும் ஆபத்தைப் பற்றித்தான் ஊரே பேசும். தரையில் ஊர்ந்து வரும்போது நடக்கும் உரசலை யாரும் நினைப்பதில்லை. பெரிய விமானங்களில் காக்பிட்டிலிருந்து பைலட்டுக்குத் தன் இறக்கை நுனி சரியாகத் தெரியாது. சிலவற்றில் தெரியவே தெரியாது. 2011-இல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஏ380 என்ற இரண்டு மாடி விமானம் ஒன்றின் இறக்கை நுனி, நின்றிருந்த சின்ன ஜெட்டின் வாலில் பட்டு அதை அப்படியே சுழற்றிவிட்டது. உள்ளே பயணிகள் இருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. நம் நாட்டிலும் 2024 மார்ச்சில் கொல்கத்தாவில் இரண்டு விமானங்களின் இறக்கைகள் உரசிக்கொண்டன.

துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டிய உனக்கு இது சுலபமாகப் புரியும். வளைவில் ட்ரெய்லரின் பின்பக்கம் உள்ளே வெட்டும். விமானம் நேர்மாறு. இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், திரும்பும்போது நுனி வெளியே வீசிக்கொண்டு வரும். நேராகப் போகும்போது இடம் தாராளமாகத் தெரிந்ததே என்று நம்பினால் போச்சு. இங்கே அடிக்கடி வரும் ஏ320 வகை விமானத்துக்கு இறக்கை நுனிக்கு நுனி கிட்டத்தட்ட 36 மீட்டர். நிறுத்துமிடத்தில் பக்கத்துப் பொருளுக்கும் அதற்கும் நடுவே இருக்கவேண்டிய குறைந்தபட்ச இடைவெளி 4.5 மீட்டர்தான். ஒரு ஸ்டெப் லேடரை, சாமான் தாண்டக்கூடாத சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் தள்ளி விட்டுப்போனாலும் அந்தக் கணக்கு குறையும்.

நான் அதிகம் கவலைப்படுவது இந்த 'விட்டுப்போன' சாமான்களைப் பற்றித்தான். பிரேக் போடாத டாலி, அதாவது லக்கேஜ் ஏற்றும் இழுவண்டி, காற்றில் மெல்ல நகரும். காலி டாலிக்கு இன்னும் வேகம். மழை ராத்திரியில் ஈரத்தரையில் விளக்கெல்லாம் பளபளத்து, கோடு எது, தண்ணீர் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் இறக்கை எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள அதன் பக்கம் நிற்கும் விங் வாக்கர் பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் தினேஷுக்கு ஒன்றை நீயும் சொல்லி அனுப்பு. விமானம் உள்ளே வருமுன் அந்த இடம் முழுக்க ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். துளி சந்தேகம் வந்தாலும் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் போட்டு நிறுத்திவிட வேண்டும். ஃப்ளைட் லேட்டாகிறதே என்று சீனியர் யாராவது முறைப்பார்கள். முறைக்கட்டும். நிறுத்தியதற்காக அவன் யாரிடமும் தலைகுனியத் தேவையில்லை. யார் கேட்டாலும் நான் அவன் பக்கம் பேசுவேன்.

ஜாக்கெட்டும் காதுக்கு மாட்டுவதும் கம்பெனியில் தருவார்கள். ஷூ மட்டும் வழுக்காததாகப் பார்த்து வாங்கிக் கொடு. பயிற்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் வந்துவிடுங்கள். அம்மா வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன் என்கிறார்கள்.

அன்புடன்,
முருகன்