ஆதி கோழை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘குருதிப்புனல்’ படம் பற்றிச் சென்ற இதழில் வந்த மூன்று கடிதங்களையும் படித்தேன். தமிழில் இதற்கு இணையான த்ரில்லர் இல்லை என்கிறார் ஒருவர். சித்திரவதைக் காட்சிகளைத் தாங்க முடியாமல் பாதியிலேயே நிறுத்திவிட்டேன் என்கிறார் இன்னொருவர். தீவிரவாதிகளுக்குப் பணிந்து தகவல் கொடுக்கும் ஆதி என்ற போலீஸ் அதிகாரியைக் கதாநாயகனாகக் காட்டியது காவல்துறைக்கே அவமானம் என்று மூன்றாமவர் எழுதியிருக்கிறார். நான் போலீஸ்காரர் வீட்டுப் பெண். அந்த வரியைப் படித்ததும் மனசு ஆறவில்லை.

1995 தீபாவளிக்கு வந்த படம் அது. ரஜினியின் ‘முத்து’வும் அன்றுதான் வந்தது. ஏட்டாக இருந்த என் அப்பாவுக்கு அன்று தியேட்டர் வாசலில் பந்தோபஸ்து. பத்து நாள் கழித்துத்தான் அவருக்கு லீவு கிடைத்து, எங்களைக் கூட்டிப்போனார். பாட்டு எப்போ வரும் என்று தம்பி நச்சரித்துக்கொண்டே இருந்தான். பாட்டே இல்லாத படம் என்று யாருக்குத் தெரியும்! அம்மா பாதி நேரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்வரை அப்பா வாயே திறக்கவில்லை. ராத்திரி இரண்டு முறை எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். காலையில் நான் ஜடை பின்னிக்கொண்டிருந்தபோது, “பள்ளிக்கூடத்துக்கு எந்தத் தெரு வழியா போற? கூட யாரு வர்றா?” என்று கேட்டார். அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. நாங்கள் நால்வரும் சேர்ந்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று அவர் பர்ஸில் எப்போதும் இருக்கும். அன்றைக்கு அதை எடுத்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே மாதம் குண்டு வெடித்தபோது, பந்தோபஸ்துக்குப் போன காவலர்களும் செத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோதுகூட அப்பா இப்படிக் கலங்கி நான் பார்க்கவில்லை. தன் உயிர் போவதைப் பற்றி அவருக்குப் பயமில்லை. பெண்டாட்டி பிள்ளையைக் காட்டி மிரட்டினால் என்ன செய்வோம் என்ற கேள்விக்குத்தான் அவரிடம் பதில் இல்லை. கமலின் ஆதி உடைவதும் அந்த இடத்தில்தான். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்த துரோகத்துக்கு அவன் உயிரையே விலையாகக் கொடுக்கிறான். படம் அவனைத் தப்பவிடவில்லை.

சித்திரவதை பற்றி எழுதியவருடன் எனக்குச் சண்டையில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய படமில்லைதான். எங்களைக் கூட்டிப்போனதற்காக அம்மா அப்பாவை ரொம்ப நாள் ஏசினாள்.

பாராட்டியவர் கவனிக்காத குறை ஒன்று உண்டு. தீவிரவாதிகளின் தலைவனாக வரும் நாசரின் பத்ரி அவ்வளவு பேசுகிறார். ஆனால் அவருடைய ஆட்கள் யாருக்காக, எதற்காக ஆயுதம் எடுத்தார்கள் என்பது கடைசிவரை பிடிபடுவதில்லை. இதே பெயரில் இந்திரா பார்த்தசாரதி எழுதிய நாவலுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை. கோவிந்த் நிஹலானி 1994-இல் இந்தியில் எடுத்த ‘துரோக்கால்’தான் இதன் மூலம். ஆனாலும் கூலி விவசாயிகளின் குடும்பங்களைக் குடிசையோடு எரித்துக் கொன்ற 1968 கீழ்வெண்மணிக் கொடுமையை வைத்து எழுந்த அந்த நாவலின் பெயரைச் சூட்டிக்கொண்ட படம், கோபத்தின் காரணத்தையும் கொஞ்சம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லாததால், இரு பக்கமும் ரத்தம் கொட்டினாலும் ஒரு பக்கத்தின் வலி மட்டும்தான் நமக்குப் புரிகிறது. பி.சி. ஸ்ரீராமின் கேமராவால்கூட அதை நிரப்ப முடியவில்லை.

அவமானம் என்று எழுதிய அன்பருக்கு ஒரு வேண்டுகோள். ஆதியும் பத்ரியும் விசாரணையில் நேருக்கு நேர் பேசும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். கைதி பேசப் பேச, அதிகாரியின் முகம் மாறுவதைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரின் மகள்,
விழுப்புரம்.