முதலில் லயத்துக்கு, அப்புறம் லண்டனுக்கு

மதிப்புக்குரிய ஊடகத்துறை அமைச்சர் அவர்களுக்கும் அரச தொலைக்காட்சிகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

இலங்கையின் அரச தொலைக்காட்சியைச் செய்மதி வழியாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே விளம்பரம் பிடிக்கலாம், ஆரம்பச் செலவைத் திறைசேரி ஏற்றால் போதும் என்ற பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு ஒரு மழை இரவுதான் ஞாபகம் வருகிறது.

அன்று லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில், எங்கள் காம்பராவில் அரச அலைவரிசை ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையின் அடியில் சிவப்புப் பட்டியில் சிங்கள எழுத்து ஓடியது. கடைக்குப் போய்வரும் அளவுக்கு நாங்கள் சிங்களம் பேசுவோம், வாசிக்கத் தெரியாது. பக்கத்துக் காம்பராப் பையன் பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறவன். அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தோம். எழுத்துக் கூட்டி "நாய யாம்" என்றான். அப்பாயி பதறிப்போய், "எந்த நாய்டா?" என்றார். அது மண்சரிவு என்று எங்களுக்கு உறைப்பதற்குள் பட்டி ஓடி முடிந்து சவர்க்கார விளம்பரம் வந்துவிட்டது. எந்தப் பக்கத்துக்கு எச்சரிக்கை, வெளியேற வேண்டுமா, விழித்திருந்தால் போதுமா, எதுவும் தெரியாது. அடையாள அட்டைகளைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, அப்பாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் விடியும்வரை கோயிலில் உட்கார்ந்திருந்தோம். தமிழில் அந்த அறிவித்தல் மறுநாள் செய்தியில் வந்தது. வந்ததே, அதற்கும் நன்றி.

பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தின் மண்சரிவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். எச்சரிக்கை சிங்களத்தில் ஓடும் அதே நிமிடத்தில் தமிழிலும் ஓட வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. 1950இல் இலங்கை வானொலி வர்த்தக சேவையை ஆரம்பித்து, இந்தியாவுக்குப் பாட்டு அனுப்பி, இந்திய விளம்பரக்காரர்களிடமே காசு வாங்கியது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்டார்கள். எங்களுக்கும் அதில் பெருமைதான். 1991இல் பி.பி.சி உலகத் தொலைக்காட்சி தொடங்கியபோது பிரித்தானிய அரசு பணம் தர மறுத்துவிட்டது. விளம்பரத்தையும் சந்தாவையும் நம்பித்தான் அது இறங்கியது. வியாபாரம் என்றால் அப்படி இறங்குங்கள். திறைசேரிப் பணம் என்றால் அதில் கொழுந்து பறிக்கிறவளின் காசும் இருக்கிறது. அவளுக்கு என்ன காட்டினீர்கள் என்று கேட்கத்தானே வேண்டும்?

1982இல் தேசியத் தொலைக்காட்சி வந்தபோது அதன் ஒளிபரப்புக் கோபுரத்துக்கு நுவரெலியாவின் பீதுருதலாகலை தேவைப்பட்டது. 2,524 மீற்றர், நாட்டிலேயே உயரமான மலை. எங்கள் மலையில் ஏறி நின்று ஊருக்கெல்லாம் பேசுகிறீர்கள். அடிவாரத்தில் இருக்கிறவனுக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அந்தச் செய்தி இன்னும் சிவப்புப் பட்டி ஓட்டுகிறவருக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. தேர்தல் வந்தால் மட்டும், தனி விலாசம்கூட இல்லாத எங்கள் காம்பராவுக்கு அழகான தமிழில் துண்டுப்பிரசுரம் தவறாமல் வந்துவிடுகிறது. அப்போது மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்துதான் கிடைக்கிறாரோ! சரி, அது வேறு கதை. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.

செய்மதிக்குக் கொடுக்கப்போகும் பணத்தில் ஒரு துளி போதும். இரவு வேலைக்குத் தமிழ் தட்டச்சுத் தெரிந்த ஒருவரை வையுங்கள். ஓடும் பட்டியில் மாவட்டத்தோடு நிற்காமல் பிரதேச செயலகப் பிரிவின் பெயரும் தமிழில் வரட்டும். இதை முடித்துவிட்டு லண்டனுக்கோ டுபாய்க்கோ தாராளமாகப் போங்கள், நாங்களும் கைதட்டுகிறோம்.

மே மாத மழைக்கு முன்னால் இதைச் செய்து தரும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்பாயிக்கு இப்போது நடக்க முடிவதில்லை. அடுத்த தடவை அவரைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
மேட்டு லயத்திலிருந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை