வாங்கில் ஆளில்லாத அணிகள்

ஆசிரியர் அவர்கட்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் அக்கரைப்பற்று வாசகர் ஒருவர், எந்நேரமும் போனில் விளையாடுகிற பிள்ளைகளின் போனைப் பறித்துக் கடலில் எறியச் சொல்லி எழுதியிருந்தார். அவருடைய கோபம் விளங்குகிறது. என் தங்கச்சியும் நாளுக்கு இரண்டு தரம் அதையேதான் சொல்கிறாள். எறிவதற்கு முன் நான் கண்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

நாவற்குடாவில் தங்கச்சி வீட்டு மொட்டைமாடி பிளேட்டில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாக எடுக்கும். இரவு ஒன்பதரைக்கு மேல் மருமகனும் மூன்று கூட்டாளிகளும் அங்கே பாய் விரித்துவிடுவார்கள். பப்ஜிதான், நாலு பேர் ஓரணியாகச் சேர்ந்து எதிரிகளைச் சுடுகிற போன் விளையாட்டு. வேர்வையில் பெருவிரல் திரையில் ஒட்டக்கூடாதென்று முகத்துக்குப் பூசுகிற பவுடரை விரலில் தடவிக்கொள்கிறார்கள். தங்கச்சியின் பவுடர் டின் மாதத்துக்கு இரண்டு முடிகிறது.

ஒருநாள் நானும் போய் அருகில் இருந்து பார்த்தேன். நாலு பேரில் ஒருவன்தான் பேசினான். “வலப்பக்கம் மரத்துக்குப் பின்னால ஒருத்தன். சுடாத. பொறு.” மற்ற மூவரும் மூச்சு விடவில்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும். பாடசாலைக் காலத்தில் கூடைப்பந்துத் திடலில் எங்கள் கப்டன் இப்படித்தான் பேசுவான். அந்த நேரம் பார்த்து அம்மம்மாவின் போன் கோல் வந்து திரையை மறைக்க, “மாமா, செத்துப் போயிட்டன்” என்றான் மருமகன். கீழே அவன் தாய்க்கு இந்த வசனம் கேட்டால் நெஞ்சு அடைத்துவிடும்.

மட்டக்களப்பாருக்குக் கூடைப்பந்து பாட்டன் பூட்டன் காலத்து விளையாட்டு அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் இங்கே ஊன்றிவிட்டுப் போனது. புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளைப் பழக்கியெடுத்த வெபர் அடிகளாரின் பெயரில்தான் இன்று நம் மைதானமே இருக்கிறது. கூடைக்குள் பந்து போட்டால் சோறு கிடைக்குமா என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். ஆனால் அன்றைய பிள்ளைகளுக்குத் திடல் இருந்தது, விசில் ஊதுகிறவர் இருந்தார், களத்தில் ஐந்து பேர் என்றால் வாங்கில் மாற்று ஆட்களாக இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். பிளேட்டில் இருக்கிற நாலு பேருக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கி மட்டும்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று மருமகன்தான் எனக்குப் பாடம் எடுத்தான். பிறகு நானும் தேடி வாசித்தேன். ஃபினாட்டிக் என்று கணினி விளையாட்டுகளுக்கென்றே ஒரு கழகம். 2004இல் லண்டனில் சாம் மத்தியூஸ் என்ற இளைஞர் தன் தாயோடு சேர்ந்து தொடங்கியது. தாயோடு! இதைத் தங்கச்சியிடம் சொன்னேன், அவள் பதில் சொல்லவில்லை. 2011இல் சுவீடனில் நடந்த முதலாவது லீக் ஒஃப் லெஜென்ட்ஸ் உலகச் சம்பியன் பட்டம் இவர்களுக்குத்தான் போனது. கவுண்டர் ஸ்ட்ரைக்கிலும் பெரிய கிண்ணங்கள் எடுத்திருக்கிறார்கள். கழகத்தின் பெயரும் ஜேர்சியும் ஒன்றே, அதற்குக் கீழே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி அணி. வீரர்களுக்குச் சம்பளம் உண்டு. பயிற்றுநர் இருக்கிறார், எதிரணியின் பழைய ஆட்டங்களை ஓடவிட்டுக் குறிப்பெடுக்கவும் ஆள் இருக்கிறது. பரிசுக்காசை மட்டும் நம்பி இதையெல்லாம் நடத்த முடியாது, விளம்பரதாரர்தான் தாங்குகிறார்கள்.

இன்னொன்றும் சொன்னான், அதுதான் என்னை யோசிக்க வைத்தது. கராச்சிப் பொடியன் ஒருவன், சுமைல் ஹசன். 2015இல் சியாட்டிலில் டோட்டா 2 விளையாட்டின் ஆகப் பெரிய போட்டியை ஈவில் ஜீனியசஸ் என்ற அமெரிக்கக் கழகம் வென்றபோது, அந்த ஐவரில் ஒருவன் இவன். வயது 16. அணிக்குக் கிடைத்தது 66 இலட்சம் டொலர். அந்தக் கையும் மூளையும் கராச்சியிலும் அவனிடம் இருந்தவைதான். குடும்பம் அமெரிக்காவுக்குப் போனபிறகுதான் ஒரு கழகம் அவனை எடுத்தது. போகாமல் இருந்திருந்தால் அவனும் ஏதாவது ஒரு பிளேட்டில்தான் இருந்திருப்பான்.

பெரிய கழகம் என்றால் எல்லாம் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. ஓவர்வாட்ச் என்ற கணினி விளையாட்டின் லீக்கில் ஓர் அணிக்கு இடம் பிடிக்க 2 கோடி டொலர் கேட்டார்கள் என்று அப்போது பெரிய பேச்சு. 2023ஓடு அந்த லீக்கே இல்லாமல் போனது. ஓ.எல். பரீட்சையை விட்டுவிட்டு இதற்குப் போ என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லமாட்டேன்.

கழகம் இல்லாத இடத்தில் கள்ளக் கழகம் முளைக்கிறது. போன வருசம் மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று கிடைத்தது. அணியில் எடுக்கிறோம், ஜேர்சிக்கு ஆளுக்கு 3,500 ரூபாய் அனுப்புங்கள் என்றார்கள். ஒப்பந்தம் என்று ஒரு பீடிஎஃப்பும் வந்தது. பரிசுக்காசில் அறுபது வீதம் அவர்களுக்கு, இடையில் விலகினால் தண்டம். அவர்கள் இவனுக்கு என்ன தருவார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. வீட்டில் ஒருவருக்கும் காட்டாமல், பாயில் படுத்தபடியே விரலால் ஒப்பம் வைத்து அனுப்பிவிட்டான். ஜேர்சி மட்டும் வந்து சேர்ந்தது. பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. இப்போது கோழிக்கூடு கழுவும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறான். எங்கள் ஊர்க் கழகத்தின் செயலாளர் அந்தத் தாளை ஒரு தரம் பார்த்திருந்தால், மைதான வாடகை ரசீதையே மூன்று முறை வாசிக்கிற மனுசன், விட்டிருக்கமாட்டார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கல்லடியிலும் ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் எத்தனையோ விளையாட்டுக் கழகங்கள் இருக்கின்றன. தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்குப் புத்தகம், ஜேர்சி எல்லாம் தயாராக இருக்கிறது. உதைபந்தாட்ட அணி, கிரிக்கெட் அணி வைத்திருப்பதுபோல இதற்கும் ஓர் அணி வையுங்கள். பின்னேரம் இரண்டு மணித்தியாலம், கழக அறையில், பெரியவர் ஒருவரின் கண்முன்னே. எட்டு மணிக்கு அறையைப் பூட்டினால் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் புத்தகம் எடுப்பான். முக்கியமாக வேண்டியது ஒரு நல்ல பைபர் இணைப்பு. போன் சொல்வது கடல் கடந்த சேர்வருக்குப் போய்வர எடுக்கும் நேரத்தைப் பிங் என்கிறார்கள். அது 60 மில்லி செக்கன் என்றால் ஆடலாம். அயலில் எல்லாரும் நாடகம் பார்க்கத் தொடங்கும் நேரம் பிளேட்டில் அது 300க்கு ஏறும், இவன் சுட்டது போய்ச் சேர்வதற்குள் எதிரி மரத்தடியை விட்டே போய்விடுவான்.

பெண்பிள்ளைகளையும் மறக்கவேண்டாம். போன மாதம் ஒருவனின் போன் பழுதாக, அவனுடைய இடத்தில் மருமகனின் தங்கச்சி, பதின்மூன்று வயதுக்காரி, ஏறியிருந்தாள். அன்றைக்கு எட்டுப் பேரைச் சாய்த்தது அவள்தான். அடுத்த நாள் போன் திருத்தி வந்ததும் அவளைக் கீழே அனுப்பிவிட்டார்கள். கழகம் என்றால் அவளுக்கு வாங்கிலாவது ஓர் இடம் இருந்திருக்கும்.

வருகிற மாதப் பொதுக்கூட்டத்தில் எங்கள் கழகத்தில் இதைப் பிரேரணையாக வைக்கிறேன். இதுவும் ஒரு விளையாட்டா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல விசயம் இருக்கிறது. நம் விளையாட்டுத்துறை அமைச்சு 2019இலேயே இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். பொருளாளருக்கு மட்டும்தான் என்னிடம் இன்னும் பதில் இல்லை. இணைப்பின் பில்லை யார் பெயரில் எடுப்பது என்று கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

இப்படிக்கு,
பழைய கூடைப்பந்தாட்டக்காரன் ஒருவன்,
கல்லடி, மட்டக்களப்பு.