ஒரு கேஸ்கெட்டு கத்துக்குடுத்த டீசல் சைக்கிள்

காசிமேடு,
ஜூன் 3

டேய் மச்சான்,

வெயில்ல உன் டர்பைன் லோடு எடுக்க மாட்டேங்குதுன்னு நீ பொலம்பி அனுப்புன வாய்ஸ் மெசேஜ் மூணும் கேட்டேன்டா, பதிலுக்கு நானும் பேசி அனுப்பலாம்னு பாத்தா பட்டறைல ஒரு பக்கம் கிரைண்டர் ஓடுது, இன்னொரு பக்கம் வெல்டிங், மீன்பிடி தடைக்காலம்ல, 61 நாளும் விசைப்படகு எல்லாம் கரையில, அதனால எல்லா ஓனரும் இப்பதான் இன்ஜினை கழட்டி என் தலையில கட்டுவானுங்க. ஜூன் 14 ராத்திரிக்குள்ள எல்லாம் முடிச்சாவணும். அதான் இந்த நேரத்துல எழுதறேன், மணி பதினொண்ணு, கொசு பிடுங்குது.

அம்மா நல்லா கீறாங்க. முட்டி வலி மட்டும் அப்டியே. உங்க பழைய வீட்டுக்கு எதிர இருந்த டீக்கடை இப்ப மொபைல் கடை ஆயிட்டுது, அவ்ளோதான் ஏரியா நியூஸ்.

இப்ப விஷயத்துக்கு வரேன். என் பொண்ணு மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம்னு சொன்னேன்ல, அவளுக்கு தெர்மல் பாடத்துல, அதான் சூட்டை வேலையா மாத்தற கணக்கு, ஒரே குழப்பம். ஒரு நாள் சாயங்காலம் பட்டறைக்கு வந்து டூல் பாக்ஸ் மேல குந்திக்கினு கேக்கறா, "அப்பா, கேஸ் பவர் சைக்கிள்னா கேஸ் ஆட்டோ மாதிரியா?" நான் சிரிச்சிட்டேன், ஆனா யோசிச்சு பாத்தா கேள்வி தப்பில்லடா. நாம படிக்கறப்பவும் அப்டிதான் நினைச்சோம். ஞாபகம் இருக்கா, நாம டிப்ளமோ படிக்கறப்ப, 1996ல, பேசின் பிரிட்ஜ்ல கேஸ் டர்பைன் வந்துச்சு, நாலு மெஷின், ஒவ்வொண்ணும் 30 மெகாவாட், எரிக்கறது நாஃப்தா, அது தண்ணி மாதிரி ஊத்துற திரவம், அப்பறம் எதுக்குடா கேஸ் டர்பைன்னு பேருன்னு நீ சண்டை போட்டியே. அதேதான். சைக்கிள்னா இன்ஜின் உள்ள அமுக்கறது, சூடேத்தறது, விரியறதுன்னு திரும்ப திரும்ப நடக்கற சுத்து, அதுல எரிபொருள் கேஸா இல்லையான்றது மேட்டரே இல்ல, உள்ள வேலை செய்யற சரக்கு ஆரம்பத்துலர்ந்து கடைசி வரைக்கும் கேஸாவே இருக்கா, அதான் கணக்கு. அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துல தண்ணி நீராவி ஆவுது, திரும்ப தண்ணி ஆவுது, அது வேற ஜாதி. உன் டர்பைன், என் போட்டு இன்ஜின், தெருவுல போற புல்லட்டு, இதுங்க எல்லாம் காத்து உள்ள காத்து வெளிய.

யோசிச்சா ஆச்சரியமா இருக்கு, அந்த பேசின் பிரிட்ஜ் ஏரியாலயே முதல்ல நிலக்கரி பவர் ஹவுஸ் இருந்துச்சு, அப்பால கேஸ் டர்பைன், அதுக்கப்பறம் 200 மெகாவாட்டுக்கு பெரிய பெரிய டீசல் இன்ஜின் வச்சு ஒரு பிளான்ட். மூணு வேற வேற சைக்கிள், ஒரே பாலத்தாண்ட. நாம ரெண்டு பேரும் அதை தாண்டி தாண்டி காலேஜ் போனோம், ஒரு நாளாவது யோசிச்சோமா?

சரி, அவளுக்கு பிரச்சனை இன்னான்னா, புக்ல போட்டுக்கிற ஐடியல் சைக்கிள் சுத்த பொய்ன்றா. உள்ள இருக்கறது வெறும் காத்து, எரியறதே இல்ல, வெளியலர்ந்து சூடு குடுக்கறாங்களாம், எக்ஸாஸ்ட்டும் கிடையாதாம், சூட்டை வெளிய எடுத்துட்டு அதே காத்தை திரும்ப அமுக்குறாங்களாம், உராய்வு இல்ல, லீக் இல்ல. "இப்டி ஒரு இன்ஜின் உன் பட்டறைல இருக்கா"ன்னு கேக்கறா. இல்லதான். நானும் 25 வருஷமா அதையே சொல்லிக்கினு திரிஞ்சவன்தானே, நாம பாஸ் பண்ணதே மனப்பாடம் பண்ணி.

முதல்ல ஓட்டோ சைக்கிள், அதான் பெட்ரோல் இன்ஜினோடது, எடுத்தோம், ஏன்னா அது சுலபம். அமுக்கு, அதே வால்யூம்ல சூடேத்து, விரிய விடு, அதே வால்யூம்ல சூட்டை எடு. கணக்கு போட்டா எஃபிஷியன்சி, அதான் குடுத்த சூட்டுல எவ்ளோ வேலையா மாறுதுன்றது, ஒரே ஒரு விஷயத்தை வச்சுதான் நிக்குது, கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது காத்தை எத்தினி மடங்கு அமுக்கறோம்ன்றது. அந்த நம்பரை 0.4 பவருக்கு ஏத்து, ஒண்ணை அதால வகு, வந்ததை ஒண்ணுலர்ந்து கழி. திருவொற்றியூர்ல செஞ்ச உங்க அப்பாவோட பழைய புல்லட்டு கீதே, அதுல ரேஷியோ ரொம்ப கம்மி, 6னு வச்சுக்க, 51 சதவீதம் வருது. இப்ப வர 350ல 9.5, அதுக்கு 59. அப்ப 18 போட்டா? 68.5. உடனே என் பொண்ணு, "அப்ப பெட்ரோல் வண்டில 18 வச்சிட வேண்டியதுதானே"ன்றா. அங்கதான் ஃபார்முலா வாயை மூடிக்குது, நான் பேச ஆரம்பிச்சேன். பெட்ரோல் இன்ஜின்ல காத்தும் பெட்ரோலும் கலந்துதான் உள்ள அமுக்கறோம், ரொம்ப அமுக்குனா பிளக் பத்த வச்ச நெருப்பு போய் சேர்றதுக்கு முன்னாடியே மிச்ச கலவை அதுபாட்டுக்கு வெடிக்கும், பிஸ்டன் தலையில சுத்தியல் அடிச்ச மாதிரி நாக்கிங். டீசல்ல அமுக்கறது வெறும் காத்து மட்டும், எவ்ளோ அமுக்குனாலும் வெடிக்க அங்க ஒண்ணும் கிடையாது, கடைசில டீசலை பீச்சறோம், அந்த சூட்டுலயே பத்திக்குது.

அந்த சூடு எவ்ளோன்னு அவளுக்கு புரியல, சைக்கிளுக்கு காத்தடிக்கற பம்ப்பை எடுத்து முனைய விரலால அடைச்சு நாலு அடி அடிக்க சொன்னேன், அடிப்பக்கத்தை தொட்டுட்டு கையை உதறுனா. அதுக்கே அவ்ளோ சூடு. நம்ம ஊர் 35 டிகிரி காத்தை 18 மடங்கு சூடு வெளிய போவாம அமுக்குனா 700 டிகிரிய தாண்டுது. இத்தனை வருஷம் இன்ஜின்ல கை வச்சிருக்கேன், அந்த நம்பரை நானே இப்பதான் பேப்பர்ல பாக்கறேன்.

டீசல் சைக்கிள் ஃபார்முலால இன்னொரு நம்பர் வரும், கட் ஆஃப் ரேஷியோ, அதாவது பிஸ்டன் கீழ இறங்க ஆரம்பிச்சப்பறம் எவ்ளோ தூரம் வரைக்கும் எரிஞ்சுக்கினே இருக்குன்றது. ரேஷியோ 18, கட் ஆஃப் 2னா 63 சதவீதம், கட் ஆஃப் 3க்கு போனா 59க்கு இறங்கிடுது. லேட்டா எரியற டீசலுக்கு விரிய இடம் கம்மி, அவ்ளோதான் காரணம். அப்ப லோடு கம்மியா ஓட்டுனா டீசல் மிச்சம்னு புக் சொல்லுது, ஆனா சும்மா ஐடில்ல ஓட்டுற போட்டு டீசல் குடிக்கறதை நான் பாத்துக்கினு இருக்கேன், அதுல வர்ற வேலை எல்லாம் இன்ஜின் தன்னைத்தானே சுத்திக்கவே போவுது, அந்த உராய்வு புக் படத்துல கிடையாது.

ருடால்ஃப் டீசல் கதையும் அவளுக்கு சொன்னேன். அவரும் ஐடியலை நம்பி கிளம்புன ஆளுதான். 1824ல கார்னோ சொன்ன, எந்த இன்ஜினும் தாண்ட முடியாத எஃபிஷியன்சி எல்லைய தொட்டுடணும்னு, டெம்பரேச்சர் ஏறாமலே எரிய வைக்கணும்னு பிளான் போட்டாரு, அதுக்கு தேவைப்பட்ட பிரஷரை அந்த காலத்து இரும்பு தாங்காது, அப்பறம் இறங்கி வந்து ஒரே பிரஷர்ல எரிய விடலாம்னு மாத்துனாரு. 1897ல ஆக்ஸ்பர்க்ல ஓடுன இன்ஜின் 26 சதவீதம் குடுத்துச்சு. கார்னோ எங்க, 26 எங்க. ஆனா அன்னிக்கு ஸ்டீம் இன்ஜின்காரன் எல்லாம் வாயை பொளந்தான்.

இப்ப நான் சொல்ல வந்ததே இதுக்கப்பறம்தான், சிரிக்காம படி.

ஒரு ஃபைபர் போட்டு ஓனர், நாலு மாசமா என்னை நச்சரிக்கறாரு, காலைல ஸ்டார்ட் ஆவ லேட் ஆவுது, வெள்ளை புகை, ஒருவாட்டி கிளம்பிட்டா ஓகே. நான் டீசல் பீச்சற நாசிலை டெஸ்ட் பண்ணேன், மாத்துனேன், பம்ப் கேலிப்ரேஷன் அனுப்பினேன், பேட்டரி மாத்த சொன்னேன், எல்லாம் அவர் துட்டு. சரியாவல. அந்த இன்ஜின் ஓவர் ஹீட் ஆகி ஜனவரில ஹெட்டை, அதான் சிலிண்டர் மேல மூடற மூடியை, ஃபேஸிங் அடிச்சு, தேச்சு சமமாக்கி குடுத்தது நான்தான். ஃபேஸிங் அடிச்சதுல வால்வு கொஞ்சம் வெளிய துருத்துன மாதிரி பட்டுச்சு, வால்வு குந்தற சீட்டை கட்டிங் பண்ணி வால்வை உள்ள இறக்கியிருக்கணும், அவசரம், ஓனர் நாளைக்கே கடலுக்கு போவணும்னு நிக்கறாரு, வால்வு பிஸ்டன்ல இடிக்காம இருக்க நான் பேசாம கேஸ்கெட்டு, அதான் ஹெட்டுக்கு அடியில லீக் ஆவாம வைக்கற அட்டை, ரெண்டா போட்டு டைட் பண்ணிட்டேன். எல்லாரும் பண்றதுதானேன்னு.

என் பொண்ணு கம்ப்ரஷன் ரேஷியோ கணக்கு போட உண்மையான இன்ஜின் அளவு வேணும்னு கேட்டா, நான் அந்த இன்ஜின் அளவையே குடுத்தேன். போர், அதான் சிலிண்டர் அகலம், 100 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், பிஸ்டன் ஏறி இறங்கற தூரம், 110. ஒரு சிலிண்டர்ல பிஸ்டன் தள்ற இடம் 864 சிசி. ரேஷியோ 18னா மேல மிச்சம் இருக்க வேண்டிய இடம் வெறும் 51 சிசி தான்டா, ஒரு டீ கிளாஸ்ல பாதி கூட இல்ல. "கேஸ்கெட்டு தடிமன் இன்னா"ன்னா. வெர்னியர் வச்சு பாத்து 1.2 மில்லி, ரெண்டு போட்டுக்கறேன்னு வாயை விட்டேன். ரெண்டு நிமிஷம் கால்குலேட்டர்ல தட்டிட்டு நிமிந்து பாத்தா பாரு ஒரு பார்வை. எக்ஸ்ட்ரா போட்ட அந்த ஒரு கேஸ்கெட்டு மட்டும் 9.4 சிசி. 51 இப்ப 60. ரேஷியோ 18 இல்ல, 15.3.

மச்சான், 1.2 மில்லிடா. ஒரு அட்டை தடிமன்.

எனக்கு காது சுட்டுது. ஆனா அவ அதோட விடல, அவளே மடக்கறா. "15.3னாலும் காத்து 645 டிகிரிக்கு போவுதுப்பா, டீசல் 250 பக்கத்துலயே பத்திக்கும்னு போட்டுக்குது, அப்ப ஸ்டார்ட் ஆவணுமே?" சரியான கேள்வி. கொஞ்ச நேரம் எனக்கே பதில் வரல, எழுந்து போய் டீ குடிச்சிட்டு வந்தேன். அந்த 645 எப்டி வந்துச்சு? அமுக்கறப்ப சூடு துளி கூட வெளிய போவலைன்னு வச்சு. இன்ஜின் ஓடறப்ப அது ஓரளவு நிஜம், நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்துல சூடு வெளிய ஓட எங்க நேரம்? ஆனா விடியக்காலை மூணு மணிக்கு, கடல் காத்துல சில்லுன்னு கிடக்கற பிளாக்கு, பாதி சார்ஜ் பேட்டரி, ஸ்டார்ட்டர் மெதுவா ஊஊஊன்னு இழுக்குது, அந்த மெதுவான ஸ்ட்ரோக்ல பாதி சூட்டை சிலிண்டர் சுவர் குடிச்சிடுது, மிச்சம் தேஞ்ச ரிங் வழியா கீழ ஓடுது. 18 இருந்தப்ப இந்த நஷ்டம் போவ போதுமானது மிச்சம் இருந்துச்சு, 15.3ல அந்த கையிருப்பை நான் கேஸ்கெட்டு போட்டு சாப்ட்டுட்டேன். பத்திக்காத டீசல்தான் வெள்ளை புகையா வந்துக்குது.

இதைத்தான் அவகிட்ட சொன்னேன், அவளுக்கு சொன்னேனா எனக்கே சொல்லிக்கினேனான்னு தெரியல. புக்ல இருக்கற இன்ஜின் எங்கயும் இல்லதான், ஆனா நம்ம இன்ஜின் அதுலர்ந்து எந்த இடத்துல விலகுதுன்னு பாத்தா அங்கதான் கோளாறு குந்திக்கினு கீது. நான் காதை வச்சு கண்டுபுடிக்கறவன், எனக்கு காது நாலு மாசமா நாசில்னு பொய் சொல்லுச்சு.

மறுநாள் ஹெட்டை இறக்கிட்டேன். சீட்டு கட்டிங் பண்ணி ஒத்தை கேஸ்கெட்டு போடறேன், லேபர் வாங்கமாட்டேன்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன், நாசிலுக்கு செலவு பண்ண துட்டுல பாதியும் கழிச்சுக்கறேன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாரு. என் தப்புதான்னு சொன்னேன், ஆனா கண்டுபுடிச்சது என் பொண்ணுன்றதை மட்டும் சொல்லல.

இப்ப உன் விஷயம். வெயில்ல டர்பைன் லோடு எடுக்க மாட்டேங்குது, மேனேஜர் திட்றான்னு பொலம்புனல்ல, அதையும் அவகிட்ட குடுத்தேன், பிரேட்டன் சைக்கிள், அதான் கேஸ் டர்பைனோடது, போட்டா. பிரஷர் ரேஷியோ, அதான் கம்ப்ரஸர் காத்து பிரஷரை ஏத்தற மடங்கு, 8, டர்பைனுக்கு போற சூடு 1300 கெல்வின்னு அவளே வச்சுக்கினா, உன் மெஷின் அளவு தெரியாதுல்ல. எஃபிஷியன்சி 45 சதவீதம் பக்கம் வருது, அந்த ஃபார்முலால பாத்தா வெளிக்காத்து டெம்பரேச்சருக்கு இடமே கிடையாது, 27ல ஓடுனாலும் 45ல ஓடுனாலும் அதே நம்பர். உன் மேனேஜர் அந்த ஃபார்முலாவோட நிறுத்திக்கினான் போல. பவரை தனியா போட்டு பாரு. டர்பைன் சம்பாதிக்கறதுல 42 சதவீதத்தை கம்ப்ரஸரே புடுங்கிக்குது, வீட்டுக்கு சம்பளம் வர்றதுக்கு முன்னாடி கந்துக்காரன் வாசல்ல நிக்கற மாதிரி. காத்து சூடா இருந்தா அமுக்க இன்னும் அதிகமா கேக்குது, டர்பைன் சம்பாத்தியம் அப்டியே நிக்குது, அதுல ஒரு கிலோ காத்துக்கு நாலு சதவீதத்துக்கு மேல போச்சு. அதுமில்லாம சூடான காத்து லேசு, அதே வாய்ல உள்ள போற கிலோவே கம்மி, அதுல ஒரு ஆறு. மொத்தம் கிட்டத்தட்ட பத்து சதவீதம், உராய்வே இல்லாத ஐடியல் மெஷின்லயே. நிஜ மெஷின்ல எஃபிஷியன்சியும் சேந்து இறங்கும். இதை ஒரு பேப்பர்ல போட்டு அந்தாளு டேபிள்ல வை.

அடுத்த லீவுக்கு எப்ப வர? வந்தா பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ நூடுல்ஸ் சாப்ட போலாம், நீ இல்லாம நான் போறதில்ல. அம்மா உனக்கு கருவாடு எடுத்து வச்சிருக்காங்க, பார்சல்லாம் அனுப்ப முடியாது, நீயே வந்து தூக்கிக்கினு போ.

அப்பறம் ஒரு வேலை. உன் மெஷின்ல எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் எவ்ளோ காட்டுதுன்னு பாத்து மறக்காம அனுப்பு, அவ ஐடியல்ல 445 டிகிரின்னு நோட்ல எழுதி பக்கத்துல ஒரு காலி கட்டம் போட்டு வச்சிக்கினு கீறா.

உன்
காசிமேட்டுக்காரன்