கதிர் ராத்திரியில் படிக்கும் கொரியக் காமிக்ஸ் பற்றி

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் கிடைத்தது. வீடு மாறிய அலுப்பெல்லாம் அதில் அப்படியே தெரிந்தது. பீரோவை மூன்றாவது மாடிக்கு ஏற்றிய கதையைப் படித்துவிட்டு இவர் விழுந்து விழுந்து சிரித்தார் (உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதே). இங்கே பெரிய செய்தி ஒன்றும் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என் தலையில் எத்தனை நரை என்று எண்ணிச் சொல்கிற அளவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கதிர் ராத்திரி ஒரு மணி வரை போனும் கையுமாகக் கொரியக் காமிக்ஸ் படிக்கிறான், அதில் அப்படி என்னதான் இருக்கிறது, நீயும் படிக்கிறாயாமே என்று கேட்டிருந்தாய். படிக்கிறேன்டி. என் பெண் காட்டிக் கொடுத்தாள், இப்போது அவள் விட்டுவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன்.

சண்டையும் அரக்கர்களும் இதில் தேவைக்கு மேல் உண்டு, ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது அது இல்லை. இந்தக் கதைகளின் நாயகர்களில் நிறையப் பேர் கையில் காசில்லாதவர்கள். ‘சோலோ லெவலிங்’ என்று ஒன்று, 2018-இல் படக்கதையாக வர ஆரம்பித்தது, கதிர் கட்டாயம் படித்திருப்பான். நம் உலகத்திலேயே அங்கங்கே வாசல்கள் திறக்கின்றன, உள்ளே அரக்கர்கள், அவர்களைக் கொல்வதற்கென்று வேட்டைக்காரர்கள். வேட்டைக்காரர்களுக்கு எஸ்-இலிருந்து இ வரை கிரேடு உண்டு, ஒருமுறை முத்திரை குத்தினால் பெரும்பாலும் சாகும்வரை அதேதான். கதாநாயகன் ஜின்வூ இ கிரேடு, இருப்பதிலேயே கடைசி. அம்மா எழுந்திருக்காத ஒரு தூக்க நோயில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், தங்கை படிக்கிறாள், பணம் கட்ட வேண்டும், அதற்காக அடிபட்டு அடிபட்டு மறுபடி உள்ளே போகிறான். பிறகு அவனுக்கு மட்டும் வளர ஒரு வழி கிடைக்கிறது. என்ன வழி தெரியுமா? கண் முன்னால் ஒரு கட்டம் தோன்றி, தினமும் நூறு தண்டால், நூறு சிட்-அப், நூறு பஸ்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டம் என்று வேலை கொடுக்கிறது. செய்யாமல் விட்டால் பாலைவனத்தில் ராட்சதப் பூரான்கள் துரத்தும். செய்தால் அன்றைக்கே பலம் ஏறும், எவ்வளவு ஏறியது என்று எண்ணிலேயே காட்டிவிடும். உழைத்த உழைப்புக்குக் கணக்குப் பிசகாமல் கூலி வருகிறது பார், எனக்கு அதுதான் மாயாஜாலமாகத் தெரிந்தது, பூரான் இல்லை. பரீட்சையும் வேலை தேடலும் பிள்ளைகளை அரைத்தெடுக்கிற நாட்டில் இப்படி ஒரு கதை பிறந்ததில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம் அதைப் படிக்கிற விதம். பக்கமே கிடையாது, மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். போனுக்கென்றே பிறந்த வடிவம் மாதிரி இருக்கிறது, ஆனால் ஸ்மார்ட்போனுக்கு முன்பே வந்தது. நேவர் என்ற கொரிய இணைய நிறுவனம் இதை ஆரம்பித்தது 2004-இல், கம்ப்யூட்டர் திரைக்காக. அதே ‘சோலோ லெவலிங்’ தொடக்கத்தில் ஒரு கோயிலுக்குள் போகிறார்கள், சுற்றிலும் கற்சிலைகள், நடுவில் சிம்மாசனத்தில் ஒரு மகா பெரிய சிலை. தள்ளுகிறாய், பயந்துபோன ஒரு முகம். தள்ளுகிறாய், வெறும் இருட்டு. இன்னும் தள்ளினால் அந்தக் கல்முகம் பல்லைக் காட்டிச் சிரித்தபடி திரை முழுக்க நிற்கிறது. எவ்வளவு நேரம் பயப்பட வேண்டும் என்பதை உன் கட்டைவிரலே முடிவு செய்கிறது. இதையே வெட்டி ஒட்டி அச்சுப் புத்தகமாகவும் போட்டிருக்கிறார்கள், புரட்டிப் பார்த்தேன். எல்லாப் படமும் இருக்கிறது, அந்த இருட்டுதான் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஆம்னிஷியன்ட் ரீடர்ஸ் வியூபாயிண்ட்’. முதலில் நாவல், 551 அத்தியாயம், 2020-இல் முடிந்தது. அதே வருஷம் படக்கதையாக வர ஆரம்பித்தது. கிம் டோக்ஜா என்று ஒரு ஒப்பந்த ஊழியன், பத்து வருஷமாக ஒரு நாவலைப் படித்து வருகிறான். அவனைத் தவிர அதைக் கடைசி வரை படித்தவர் யாரும் இல்லை. வேலை முடிந்து சியோல் மெட்ரோவின் மூன்றாம் தடத்தில் போகும்போது ரயில் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிடுகிறது. அவன் படித்த கதை நிஜமாகிறது. ஒரு டொக்கேபி வந்து (கொரிய நாட்டார் கதைகளில் வரும் குட்டிப் பூதம்), குறித்த நேரத்துக்குள் ஆளுக்கு ஒரு உயிரையாவது கொல்ல வேண்டும் என்கிறது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பாட்டியின் பக்கம் திரும்புகிறார்கள். டோக்ஜா மட்டும் ஒரு சின்னப் பையன் பூச்சி பிடித்து வைத்திருப்பதைக் கவனிக்கிறான். ஒரு உயிர் என்றுதானே சொன்னார்கள், மனித உயிர் என்று சொல்லவில்லையே! வெட்டுக்கிளி போதும். கத்தி இல்லை, மந்திரம் இல்லை, கவனமாகப் படித்தவன் பிழைக்கிறான். நம்மைப் போலப் புத்தகப் பைத்தியங்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். மேலே பல நாட்டுத் தெய்வங்களும் வீரர்களும் உட்கார்ந்து இந்தக் கூத்தை வேடிக்கை பார்த்துக் காசு வீசுகிறார்கள், நம் தெய்வங்களும் வேதாஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணியாக வருகிறார்கள். எனக்கு அது உறுத்தவில்லை, உன் மாமியாரிடம் காட்டாதே.

பெண்களுக்கென்று ஒரு தனி வகை உண்டு, செத்துப் போய்க் கதைப் புத்தகத்துக்குள் இளவரசியாகப் பிறப்பது. ‘ஹூ மேட் மி எ பிரின்சஸ்’ அதில் நல்லது, தன்னைக் கொல்லப் போகிற அப்பாவிடம் ஒரு குழந்தை எப்படியாவது பிழைத்துக் கிடக்கப் பார்க்கிற கதை. மற்றதெல்லாம் பாதிக்கு மேல் பட்டுக் கவுனும் முறைக்கிற பிரபுவும்தான். நீ வேண்டுமானால் படி.

ஆனால் சுலபம் என்று நினைக்காதே. முதல் கஷ்டம் பெயர்கள். டோக்ஜாவின் கூட்டத்தில் மட்டும் லீ ஹ்யுன்சுங், லீ கில்யங், லீ ஜிஹே, லீ சொல்ஹ்வா என்று நாலு லீ. ஒரு வாரம் விட்டுப் படித்தால் யார் ராணுவக்காரர், யார் டாக்டர் என்று எனக்குக் குழம்பிவிடும், ஒரு நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன். சில பதிப்புகளில் படத்துக்குள் வரைந்த ‘டமால்’, ‘சர்ர்’ சத்தங்களைக் கொரிய எழுத்திலேயே விட்டுவிடுகிறார்கள், இடித்தது கதவா இடியா என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். நாடு மாறினால் கதையும் மாறும். ‘சோலோ லெவலிங்’கில் ஜெஜு என்ற கொரியத் தீவில் ராட்சத எறும்புகளோடு நடக்கும் சண்டையில் ஜப்பான்காரர்கள் கொரியர்களைக் காட்டிக்கொடுக்கிறார்கள். ஜப்பானிய மொழிப் பதிப்பில் நாயகனையே ஜப்பான்காரன் ஆக்கி, வில்லன் இடத்தில் இல்லாத ஒரு நாட்டை வைத்துவிட்டார்கள். 1910-இலிருந்து 1945 வரை அவர்கள் ஆட்சியில் கிடந்த நாட்டில் எழுதிய கதை, அந்தக் கோபத்தைக் கழித்துவிட்டால் அந்தப் பகுதியில் மிச்சம் எறும்புகள்தான்.

பெரிய தொல்லை காத்திருப்பு. வாரம் ஒரு அத்தியாயம், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், அதுவும் சரியாகக் கத்தி ஓங்கும் இடத்தில். அடுத்ததை இப்போதே பார்க்க வேண்டுமா, காசு கொடு. காத்திருந்தால் இலவசம் என்ற முறையைக் காகாவோ என்ற இன்னொரு கொரிய நிறுவனம் 2014-இல் கொண்டுவந்தது, மனுஷ மனசை அளந்து வைத்துச் செய்த வேலை. போன மாதம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எட்டு அத்தியாயம் வாங்கிவிட்டேன், இவருக்குத் தெரியாது. வாரா வாரம் விற்க வேண்டும் என்பதால் கதையும் ஜவ்வாக இழுபடுகிறது, நூறாவது அத்தியாயத்துக்குப் பிறகு மலையைப் பிளந்தவன் கண்டத்தைப் பிளப்பான், எனக்குக் கொட்டாவி வரும்.

வரைகிறவர்கள் பாடு அதைவிட மோசம். வாரத்துக்கு அறுபது எழுபது கட்டங்கள், முழு வண்ணத்தில். ‘டவர் ஆஃப் காட்’ என்ற தொடர் 2010-இலிருந்து வருகிறது, அதை வரைகிறவர் உடம்பு முடியாமல் 2020-இல் நிறுத்தி, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தார். ‘சோலோ லெவலிங்’ வரைந்த ஜாங் சுங்ராக் 2022 ஜூலையில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனார், வயது 37. நெடுநாளாக இருந்த நோய்தான் காரணம் என்று அவருடைய ஸ்டூடியோ சொன்னது, ஆனால் இந்தத் தொழிலின் வேலைப்பளு பற்றிய பேச்சு அதன் பிறகு இன்னும் பலமாக எழுந்தது. உழைத்தால் உடனே பலம் ஏறும் கதையை வரைந்தவர் அவர். அது தெரிந்த பிறகும் திங்கட்கிழமையானால் புது அத்தியாயம் வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் செய்கிறேன், அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கதிர் விஷயத்துக்கு வா. போனைப் பிடுங்காதே. எந்தத் தளத்தில் படிக்கிறான் என்று மட்டும் பார். திருட்டுத் தளமாக இருந்தால் ஓரத்தில் சூதாட்ட விளம்பரமாக வரும், வரைந்தவருக்கும் பைசா போகாது. மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்து முறையாகப் படிக்கச் சொல், பதினொரு மணிக்குப் போன் ஹாலில் இருக்கட்டும். அந்த ரயில் பெட்டிக் காட்சியை அவனோடு உட்கார்ந்து நீயும் ஒருமுறை படித்துப் பார், பிறகு திட்டலாம்.

‘டவர் ஆஃப் காட்’ எங்கே வரை வந்திருக்கிறான் என்று அவனிடம் கேட்டு எழுது. நடுவில் விட்டவள் நான், மறுபடி தொடங்கலாமா வேண்டாமா என்று அவன்தான் சொல்ல வேண்டும். டிசம்பரில் நம் செட் மதுரையில் கூடுவதாகப் பேச்சு, நீ வருகிறாயா இல்லையா என்பதையும் அதிலேயே போட்டுவிடு.

அன்புடன்,
சுமதி